பதினெட்டு எண்டு நான் எழுதின காட்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தனான். வவுனியாவில புதுசாத் திறந்திருக்கிற செயற்கைக் கால் பட்டறைக்கு வேலை பழக வந்திருக்கிற உங்களுக்கு, பழைய ஆள் எண்ட முறையில நாலு பக்கம் எழுதித் தரச்சொல்லி அக்கா ரெண்டு தரம் ஆள் அனுப்பினவா. முதல் தரம் பேனை இல்லையெண்டு சொல்லிவிட்டன். ரெண்டாந்தரம் ஆளோட பேனையும் வந்துது. அக்காவிட்ட எந்தச் சாட்டும் ரெண்டு தரம் எடுபடாது, உங்களுக்கும் போகப்போக விளங்கும்.

பழைய ஆள் எண்டவுடன நரைச்ச தலையொண்டை நினைச்சுக்கொண்டு எழும்பி நிக்காதேங்கோ. எனக்கு வயசு இருபத்தாறு. ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடம் தப்பினேன் பிழைச்சேனெண்டு என்னைக் கைகழுவி விட்டிட்டுது. கிளிநொச்சிப் பட்டறையில ஆறு வருசம் வேலை செய்துபோட்டு இப்ப ரிட்டையர் ஆகியிருக்கிறன். பென்சன் இல்லை. சைக்கிள் கடையொண்டில ரியூப் ஒட்டுறன்.

பிளாஸ்ரர் எப்பிடிக் குழைக்கிறது, வார் எப்பிடித் தைக்கிறது எண்டதெல்லாம் உங்களுக்கு மாஸ்ரர்மார் காட்டித் தருவினம். நான் சொல்லப்போறது வாசலடி மேசையில இருந்து பேரும் வயசும் எழுதுற வேலையைப் பற்றி. பழகுற பெடியளை முதல் அதிலதான் இருத்துவினம். உளியுமில்லை, அரமுமில்லை, ஒருத்தருக்கும் ஒரு காயமும் வராது எண்டு நினைச்சுத்தான் இருத்திறது. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன்.

அது சமாதான காலம். பாதை திறந்து, கொழும்புச் சாமான் எல்லாம் ஓமந்தைச் சோதனைச் சாவடியால வந்துகொண்டிருந்துது. ஒருநாள் வெளிநாட்டு உதவியெண்டு எங்கட பட்டறைக்கு ஒரு பெட்டி வந்துது. உடைச்சுப் பார்த்தால் சிலிக்கனில செய்த மார்புகள். புற்றுநோயில, செல் குண்டுக் காயத்தில மார்பை இழந்த பொம்பிளையள் உள்சட்டைக்குள்ள வைச்சுப் போடுறது. நாங்கள் காலும் கையும் செய்யிற பெடியள், உதைக் கண்டால் சும்மா இருப்பமோ? நான் ஒண்டை எடுத்துத் தலையில தொப்பி மாதிரிக் கவிட்டுக்கொண்டு பட்டறையைச் சுத்தி வந்தன். பேக்கரிப் பணிஸ் பெட்டி வந்திருக்கெண்டு பேரும் வைச்சன். எல்லாரும் வயிறு நோகச் சிரிச்சவங்கள். நேசன் மட்டும் சிரிக்கேல்லை. நேசன் எண்டிறவன் எனக்குப் பக்கத்து மேசையில இருந்து காலுக்கு வார் தைக்கிறவன், என்ர கூட்டாளி. அவனுக்கே இடக்கால் எங்கட பட்டறைக் கால்தான்.

அக்கா எண்டு நான் சொல்லுறது எங்கட பொறுப்பாளரை. அவா என்னை ஏசேல்லை. அரைக்கிலோ மணலை ஒரு துணிப்பையில போட்டு, என்ர சேட்டுக்குள்ள வலப்பக்கம் மட்டும் வைச்சு இறுக்கிக் கட்டிவிட்டா. பின்னேரம் வேலை முடியுமட்டும் கழட்டப்படாதாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே கழுத்து ஒரு பக்கம் இழுக்கத் துவங்கிட்டுது. பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால போய் நிண்டால் ஒரு தோள் மேல, ஒரு தோள் கீழ.

அக்கா பையை அவிட்டுக்கொண்டு சொன்னா: "ஒரு நாளைக்கே உனக்கு உப்பிடி. வருசக்கணக்கா ஒரு பக்கப் பாரத்தோட நடக்கிறவளின்ர முள்ளந்தண்டு என்ன ஆகுமெண்டு யோசி. காலைக் கால் எண்டு சொல்லுறாய்தானே. மார்பையும் மார்பெண்டு சொல்லப் பழகு."

பழகினன். பணிஸ் எண்ட பேர் அதோட செத்துது.

பெட்டிக்குள்ள ஒரு தாளும் கிடந்தது. அக்கா அதை வாசிச்சு எங்களுக்குத் தமிழில விளங்கப்படுத்தினா. பதினெட்டு வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கப்படாது, வளர்ற உடம்பில அளவு மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொண்டுக்கும் ஒரு கரன்ரிக் காட் இருக்கு. குடுத்த நாளில இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள தானா ஓரம் விட்டால், கசிஞ்சால், புதுசு மாத்தித் தருவினம். ஊசி குத்தினால் தரமாட்டினம், சூடு பட்டு இளகினாலும் தரமாட்டினம். காட்டில பேர், வயசு, குடுத்த தேதி, எங்கட முத்திரை நாலும் இருக்கவேணும். மாத்த வரேக்க பழுதானதையும் காட்டையும் சேர்த்துக் கொண்டுவரவேணும். காட் இல்லையெண்டால் கரன்ரியும் இல்லை.

அப்ப செல் துண்டு குத்தினால் அது ஊசிக் கணக்கோ, சூட்டுக் கணக்கோ எண்டு நான் கேட்டன். அக்கா தாளை மடிச்சு லாச்சிக்குள்ள வைச்சுப்போட்டு எழும்பிப் போட்டா.

சுகந்தி தாயோட வந்தது அதுக்கு ஒரு பத்து நாளைக்குப் பிறகு. தர்மபுரத்தில இருந்து வந்தவை. தகப்பன் முந்தியே செத்துப்போனார், ஒரே பிள்ளை. எட்டு வயசில பங்கர் வாசலில நிக்கேக்க செல் துண்டு வலப்பக்க நெஞ்சைக் கிழிச்சுக்கொண்டு போயிருக்கு. காயம் மாறிட்டுது, ஆனால் அந்தப் பக்கம் பிறகு வளரேல்லை. தோள் சரிஞ்சு, கொப்பியொண்டை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, என்ர மேசைக்கு முன்னால நிலத்தைப் பார்த்தபடி நிண்டாள். தாய்தான் கதைச்சது. வெள்ளைச் சட்டைக்குள்ள துணிப்பந்து வைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தவளாம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில ஓடேக்க அந்தப் பந்து கழண்டு எல்லாருக்கும் முன்னால விழுந்திட்டுதாம். அண்டைக்கு வீட்டுக்கு வந்தவள் மூண்டு மாசமாப் பள்ளிக்கூடப் பக்கம் போகேல்லையாம். வாற வருசம் ஓ.எல். சோதினை.

வயசு கேட்டன். அதுக்கு மட்டும் அவளே வாய் திறந்தாள்.

"பதினைஞ்சு."

என்ர பேனை நிண்டுட்டுது. பதினைஞ்சு எண்டு எழுதி உள்ள அனுப்பினால், மூண்டு வருசம் கழிச்சு வாங்கோ எண்டு பேப்பர் திரும்பி வரும். பிறப்புச் சான்றிதழ் இருக்கோ எண்டு தாயைக் கேட்டன். அது ஒரு இடப்பெயர்வில பெட்டியோட போட்டுதாம். எனக்கு மணல் பையின்ர நோ இன்னும் கழுத்தில கிடந்தது. பதினெட்டு எண்டு எழுதினன். தாய் அதைப் பார்த்துக்கொண்டு நிண்டா.

அக்கா பேப்பரோட வெளிய வந்து சுகந்தியை மேலயும் கீழயும் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, பதினெட்டோ எண்டு கேட்டா. நான் முந்திக்கொண்டு, நிவாரண மாவில வளர்ந்த பிள்ளை அக்கா, வன்னியில நாங்கள் எல்லாரும் கட்டைதானே, என்னைப் பாருங்கோவன் எண்டன். எனக்கு உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம். அக்காவின்ர வாயில சிரிப்பு வந்து போச்சுது. கையெழுத்து வைச்சுப்போட்டு சுகந்தியைத் திரைக்கு உள்ள கூட்டிக்கொண்டு போனா.

திரைக்கு வெளிய வரேக்க அவள் கொப்பியைக் கையில தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான் நான் கண்டது. அது போதும் எனக்கு. அண்டு முழுக்கப் பட்டறையில என்ர தலைக்கு மேல ஒரு கிரீடம்.

அதோட விட்டிருந்தால் பரவாயில்லை. நான் பெரிய உபகாரி எல்லோ? கரன்ரிக் காட்டைச் சும்மா குடுத்தால் வேர்வையில ஊறிப் போயிடுமெண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்கு ஓடி அதை லமினேற் பண்ணிக் கொண்டுவந்தன். பேர், வயசு பதினெட்டு, தேதி, முத்திரை எல்லாம் பளபளவெண்டு கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுது. இனி ஒருத்தரும் அதில கை வைக்கேலாது, நானே நினைச்சாலும் மாத்தேலாது. அவளின்ர கையில குடுத்துச் சொன்னன்: "இதைத் துலைச்சுப்போடாதை. சாமான் போற இடமெல்லாம் காட்டும் போகவேணும். காட் இல்லாட்டி நீ ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது."

அவள் அதைத் துலைக்கேல்லை. சொன்ன சொல்லை அப்பிடியே கேட்கிற பிள்ளை.

பள்ளிக்கூடம் போனாள். சோதினை எழுதி ஆறு பாடம் பாஸ் பண்ணினாள். தாய் ஒருக்கா வந்து பயத்தங்காய் ஒரு பை தந்திட்டுப் போனவா. அதுக்கிடையில பாதையும் பூட்டினவை. சண்டை துவங்கிச்சுது.

இனிச் சொல்லுறதை நீங்கள் கொஞ்சம் நிண்டு வாசிக்கவேணும். உங்களில பாதிப் பேர் அப்ப வன்னிக்கு வெளிய இருந்திருப்பியள். வீட்டுக்கு ஒராள் எண்டு கட்டாயமா இயக்கத்துக்கு ஆள் எடுக்கத் துவங்கினவை. பதினெட்டு முடிஞ்ச ஆக்களைத்தான் எடுக்கிறமெண்டு ஒரு கதை. அதனால வயசுதான் உயிர். சின்ன வயசுக்காரரெல்லாம் இன்னும் சின்ன வயசுக்காரர் ஆகிச்சினம். பெரிய பெட்டையளுக்கு ரெட்டைப் பின்னல் பின்னிவிட்ட தாய்மார் இருந்தவை. அதிபர்மார் பாவம் பார்த்து எல்லாருக்கும் ரெண்டு வயசு குறைச்சுக் கடிதம் குடுத்தபடியால், கடைசியில பள்ளிக்கூடக் கடிதத்தை ஒருத்தரும் கண்ணாலயும் பார்க்கிறேல்லை. வன்னி முழுக்க வயசைக் குறைச்சு எழுதின காலத்தில, கூட்டி எழுதி முத்திரையும் குத்தி லமினேற்றும் பண்ணிக் குடுத்த ஒரே விசரன் நான்தான்.

எனக்கும் அப்ப வயசு இருபத்திநாலு. என்னைப் பிடிக்காமல் விட்டதுக்கு ஒரே காரணம் பட்டறையில வேலை செய்யிற ஆளெண்டு என்ர பொக்கற்றுக்குள்ள கிடந்த கடிதம். இதையும் மறந்துபோகாதேங்கோ, பிறகு தேவைப்படும்.

சுகந்தியின்ர சாமான் ஓரம் விட்டது அந்த நேரத்தில. கரன்ரி முடிய இன்னும் ஒண்டரை மாசம் கிடந்தது. தர்மபுரத்தில இருந்து கால் திருத்த வந்த ஒரு ஐயாவிட்ட தாய் செய்தி சொல்லிவிட்டிருந்தா. பிள்ளையை வெளிய கொண்டுவரப் பயமாக் கிடக்கு, பாதை கொஞ்சம் ஆறினாப் பிறகு வரலாமோ எண்டு. நான் என்ன பதில் சொல்லியிருக்கவேணும்? உங்களுக்கே தெரியும். தாய் மட்டும் வரட்டும். இல்லாட்டி நான் சைக்கிளில கொண்டுவந்து தாறன். காட்டை மட்டும் கையோட கொண்டு திரியாதேங்கோ. இதில ஒண்டு சொல்லியிருந்தாலும் காணும்.

நான் பகிடி விட்டன். கரன்ரி முடிய முன்னம் ஆளையும் காட்டையும் கொண்டு வரச்சொல்லுங்கோ ஐயா, முடிஞ்சால் பிறகு நான் சைக்கிள் ரியூப் மாதிரி ஒட்டித்தான் தருவனெண்டு. ஐயாவும் சிரிச்சார். போய் அப்பிடியே சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டைக்கு அது பகிடியெண்டு விளங்கேல்லை. ரியூப் மாதிரி ஒட்டினதைப் போட்டுக்கொண்டு திரும்பவும் ஓரிடத்தில விழுந்துபோமெண்டு பயந்து, உடன போவமெண்டு தாயிட்டக் கரைச்சல் குடுத்திருக்கிறாள்.

தாயும் மகளும் பஸ்ஸில வந்தவை. பரந்தன் சந்திக்குக் கிட்ட ஆள் பிடிக்கிறவை மறிச்சு இறக்கினவை. பொம்பிளைப் பிள்ளையளைச் சோதிக்கிறதுக்குப் பொம்பிளைப் பிள்ளையளே நிண்டவை, அவையளுக்கும் சுகந்தியின்ர வயசுதான் இருக்குமாம். பையைத் திறந்து அதை வெளிய எடுத்து, என்ன இது எண்டு கேட்டிருக்கினம். சந்தியில சனம். பஸ்ஸுக்குள்ள இருந்து ஆம்பிளையள் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கினம். சுகந்திக்கு அதை வாயால சொல்ல ஏலேல்லை. சொல்லாமல் விளங்கப்படுத்த ஒரு வழிதான் அவளிட்ட இருந்தது. காட்டை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

அதில எல்லாம் இருந்துதுதானே. சாமான்ர பேர், அவளின்ர பேர், முத்திரை. ரெண்டு வருசத்துக்கு முந்தின தேதியில வயசு பதினெட்டு.

சாமானைத் தாயிட்டக் குடுத்துப்போட்டு மகளைக் கொண்டுபோட்டினம்.

மற்ற நாள் காலமை தாய் பட்டறை வாசலில நிண்டா. பிள்ளையை எங்க வைச்சிருக்கினமெண்டு கண்டுபிடிச்சு, வேலிக்கு வெளியால நிண்டு சோற்றுப் பாசலும் குடுத்திட்டு நேர வந்திருக்கிறா. அழேல்லை. வயசு பிழையெண்டு பட்டறையால ஒரு கடிதம் தந்தால் விடுவமெண்டு அங்க சொல்லியிருக்கினமாம். பட்டறை முத்திரைக்கு ஒரு மதிப்பு இருந்தது, அங்க இருந்த பாதிப் பேரும் எங்கட காலிலதான் நடந்தவை.

தாய் என்னைத் திட்டேல்லை. அவா கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, நீங்கள்தானே எழுதினது. பிழையா எழுதிப்போட்டமெண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ."

ஒரு வரி. என்ர மண்டைக்குள்ள என்ன ஓடினதெண்டு சொல்லுறன், இதுக்காகத்தான் இந்த நாலு பக்கமும். அந்த ஒரு வரியை எழுதவேணுமெண்டால் அக்காவின்ர கையெழுத்து வேணும். அக்காவிட்டப் போனால் பொய்ப் பதிவு எழுதினனான் எண்டு சொல்லவேணும். சொன்னால் வேலை போகும். வேலை போனால் என்ர பொக்கற்றில கிடக்கிற கடிதம் வெறும் தாள். அடுத்த நாள் அதே வேலிக்கு உள்பக்கத்தில நான் நிப்பன். இதெல்லாம் கணக்குப் பார்க்க ஒரு நிமிசமும் செல்லேல்லை. படிப்பில மொக்கன், உதில கெட்டிக்காரன்.

அக்கா ஊரில இல்லை அம்மா, நாளைக்கு வாங்கோ எண்டன். அக்கா பத்தடி தள்ளி உள்ளுக்குள்ள ஒரு கிழவருக்குக் கால் அளவெடுத்துக்கொண்டு இருந்தா.

நேசன் பக்கத்து மேசையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவன். தாய் போனாப் பிறகு ஊசியைக் கீழ வைச்சுப்போட்டு, எழும்பி உள்ள போய்ச் சொல்லடா எண்டான். சொல்லுறன் எண்டன். தாய் திரும்பவும் வந்தா. திரும்பவும் அக்கா இல்லையெண்டன். நேசன் என்னோட கதைக்கிறதை விட்டிட்டான். மூண்டு நாள் அப்பிடிப் போச்சுது. பிறகுதான் எழும்பினன். போய் அக்காவுக்கு முன்னால நிண்டு எல்லாத்தையும் சொன்னன்.

அக்கா கையைக் கழுவித் துடைச்சா. எப்ப பிடிச்சவை எண்டு கேட்டா, சொன்னன். இவ்வளவு நாளும் என்ன செய்தனி எண்டு கேட்டா. ரெண்டாந்தரம் கேட்கேல்லை. வேலையால நிப்பாட்டுறன் எண்டும் சொல்லேல்லை, அதை நினைச்சுத்தான் நான் இவ்வளவும் பயந்தது.

"சின்னப்பிள்ளையெண்டு எனக்கும் தெரியும். கண் இருந்ததுதானே. நானும்தான் கையெழுத்து வைச்சனான்" எண்டா.

கடிதம் எழுதினா. பதிவுக் கொப்பியை எடுத்தா. பிறகு அலுமாரியைத் திறந்து அந்த அளவில புது மார்பொண்டையும் எடுத்துத் துணியில சுத்தி வைச்சா. நான் பார்த்துக்கொண்டு நிக்க, அவள் கேட்டு வந்தது அதுதானே எண்டா. மோட்டச்சைக்கிளில என்னையும் பின்னால ஏத்திக்கொண்டு அந்த இடத்துக்குப் போனா.

வாசலில நிண்டவர் எனக்குத் தெரிஞ்ச ஆள். எங்களிட்ட வலக்கால் போட்டவர். கால் போடேக்க இதுக்கு எத்தினை வருசம் கரன்ரியெண்டு கேட்டவருக்கு, காலுக்கு ரெண்டு வருசம், உங்களுக்குத்தான் தெரியேல்லை எண்டு பகிடி விட்டனான். அவர் அதை மறக்கேல்லை. நான் வாயைத் திறந்து, அந்த வயசு நான் பொய்யா எழுதினது எண்டு துவங்க, உவன் பகிடிக்காரன் அக்கா, உவன்ர கதையைக் கேட்டு நீங்கள் ஏன் அலையிறியள் எண்டார். என்ர வாழ்க்கையில நான் கதைச்ச ஒரே மெய் அதுதான். அதை ஒருத்தரும் எடுக்கேல்லை. அக்கா கடிதத்தை நீட்டினாப் பிறகுதான் மனிசன் வாசிச்சுப் பார்த்திட்டு உள்ள போனார்.

புதுசாப் பிடிச்ச பிள்ளையளை ஒரு கிழமை அங்க வைச்சிருந்துதான் பயிற்சிக்கு அனுப்புறது வழக்கம். அந்த ஒரு கிழமைக்குள்ள வயசைக் காட்டி மீட்டுக்கொண்டு வந்த தாய்மார் இருக்கினம். எனக்கே ரெண்டு பேரைத் தெரியும். சுகந்தியை ஏனோ வேளைக்கே அனுப்பிப்போட்டினம் போல. அவர் திரும்பி வந்து, அந்தப் பிள்ளை இஞ்ச இல்லை அக்கா, அனுப்பியாச்சு எண்டார். எங்கயெண்டு தனக்குத் தெரியாதாம். கடிதத்தை மேல குடுக்கிறாராம். துணியில சுத்தினதை அக்கா அவரிட்ட நீட்டினா. என்னவெண்டு கேட்டார். அக்கா மார்பு எண்டு சொன்னா, கால் எண்டு சொல்லுற மாதிரி. அவர் அதை ரெண்டு கையாலயும் வாங்கினார்.

வேலிக் கரையில தாய் அண்டையப் பாசலோட நிண்டா. அக்கா போய் அவாவின்ர கையைப் பிடிச்சா. நான் மோட்டச்சைக்கிளுக்குப் பக்கத்திலயே நிண்டனான்.

கடிதத்துக்குப் பதில் வரேல்லை. அக்கா மூண்டு தரம் திரும்பப் போய்க் கேட்டவா. பிறகு பட்டறையே இடம்பெயர்ந்துது, தர்மபுரம், விசுவமடு, அதுக்கு அங்கால எண்டு. பிளாஸ்ரர் முடிஞ்சு, மரக்கட்டையில கால் செய்து, பிறகு அதுகும் இல்லாமல் போய், நாங்கள் வெறுங்கையோட வெளிய வந்தனாங்கள். அந்த மாதங்களை நான் எழுதமாட்டன். அதுக்கு அக்கா ஆயிரம் பேனை அனுப்பினாலும் காணாது.

சண்டை முடிஞ்சாப் பிறகு தாயைத் திரும்பக் கண்டது செட்டிகுளத்து முகாமில, தண்ணி வரிசையில. காணாமல் போன ஆக்களைப் பதியிற படிவமொண்டை மடிச்சுக் கையில வைச்சிருந்தா. என்னைக் கண்டவுடன முகத்தைத் திருப்புவா எண்டு நினைச்சன். கிட்ட வந்து, தம்பி உங்களுக்கு எழுத்து வடிவாத்தானே இருக்கும், இதை நிரப்பித் தாங்கோ எண்டா. வாளியைக் கவிட்டுப்போட்டு அதுக்கு மேல வைச்சு எழுதினன்.

எழுத எழுதச் சொன்னா. சுகந்தியோட நிண்ட ஒரு பிள்ளை முகாமுக்குள்ள வந்திருக்கிறாளாம். அவள் சுகந்தியைக் கடைசியாக் கண்டது முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கமாம். காயம் ஒண்டும் இல்லையாம் அப்ப. அதுக்குப் பிறகு தெரியாதாம். நீங்கள் குடுத்துவிட்டது அவளுக்குக் கிடைச்சதாம் தம்பி எண்டும் சொன்னா. நான் தலையை நிமித்தேல்லை.

பேர் எழுதினன். ஊர் எழுதினன். அடுத்த கட்டம் வயசு. நான் கேட்க வாய் திறக்க முன்னம் அவா கையை நீட்டினா.

"பேனையைத் தாங்கோ. அதை நான் எழுதுறன்."

அவாவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. குந்தியிருந்து, படிவத்தை முழங்காலில வைச்சு, ஒவ்வொரு எழுத்தா அழுத்தி அழுத்தி, பத்தொன்பது எண்டு எழுதினா. எழுதி முடிய ஒருக்கா வாசிச்சுப் பார்த்தா. பிறகு மிச்சத்தை நிரப்பச்சொல்லிப் பேனையைத் திருப்பித் தந்தா.

இதில இருந்து நீங்கள் என்ன பாடம் படிக்கவேணுமெண்டு அக்கா கீழ எழுதச் சொன்னவா. பொய் எழுதாதேங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். உங்கட மேசைக்கு முன்னாலயும் ஒரு சுகந்தி வந்து நிப்பாள், அப்ப உங்கட பேனையும் நிக்கும், நீங்களும் எதையோ எழுதுவியள். எழுதமுன்னம் ஒண்டை மட்டும் யோசியுங்கோ. நீங்கள் எழுதுற பேப்பர் உங்கட மேசையில நிக்காது. அது நடந்து போகும், நீங்கள் நினைக்காத ஆளொண்டு ஒருநாள் அதை வாசிக்கும். மற்றது, பிழைச்சுப்போச்சு எண்டு தெரிஞ்ச உடன எழும்பி உள்ள போங்கோ. உள்ள இருக்கிற ஆள் உங்களைத் தின்னாது. தின்னட்டுமேன், உங்களைத்தானே. வெளிய நிக்கிற ஆளை நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லாதேங்கோ.

எழுதி முடிச்சு, தர முன்னம் ஒருக்கா வாசிச்சுப் பாரடா எண்டு நேசனிட்டக் குடுத்தனான். அவன் இப்ப உங்களோடதான் வார் தைக்கிறான், கண்டிருப்பியள், சிரிக்காத ஆள். ரெண்டு நாள் வைச்சிருந்து திருப்பித் தந்தான். கடைசித் தாளின்ர பின்பக்கத்தில ஒரு வரி எழுதியிருந்தான். மேல நான் எழுதினதை மாத்தேல்லை, அவன் எழுதினதையும் மாத்தேல்லை. ரெண்டையும் சேர்த்து வாசியுங்கோ.

"மச்சான், மூண்டு நாள் எண்டதை வெட்டிப்போட்டு எட்டு நாள் எண்டு எழுது."